ஆயிரம் அடி திரி

14 ஜூன் 1979, வியாழன். முனிர்கா, டில்லி.

குவாரிகளுக்கு வெடிமருந்து விற்கும் எங்கள் ஆபீசுக்கு இன்று ஃபரிதாபாத் பக்கத்துக் கல்குவாரி கான்ட்ராக்டரின் ஆர்டர் வந்தது. பில் டைப் அடிப்பது என் வேலை. டெட்டனேட்டர் ஐநூறு, திரி ஆயிரம் அடி. வகுத்துப் பார்த்தேன். ஒரு வெடிக்குழிக்கு ஒரு டெட்டனேட்டர் என்றால் திரி இரண்டடிதான் வரும். பற்றவைத்தவன் பள்ளத்திலிருந்து ஏறி ஓட அது போதாது.

மேனேஜர் வரதனிடம் சொன்னேன்.

"ஏம்ப்பா, கொளுத்தப் போறது நீயா? திரியை அதிகமா வாங்குன்னு சொன்னா அவன் அடுத்த கம்பெனிக்குப் போயிடுவான். ஆர்டர்ல இருக்கறதை அடி, ஜல்தி!"

அடித்தேன். ஒரு பிழைகூட இல்லை என்று பாராட்டினார்.

பில்லை வாங்க வந்தவன் மாரிமுத்து. சேலத்துக்காரன். அந்தக் குவாரியில் பற்றவைப்பவனே அவன்தான். என் வயதுதான் இருக்கும்.

"இந்தத் திரி பத்தாதுன்னு உங்க கான்ட்ராக்டர்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

சிரித்தான். "எப்பவும் இதே அளவுதான் சார். அதனாலதான் சின்னப் பசங்களா பாத்து விடறாங்க. நான் நல்லா ஓடுவேன்."

"உனக்கு முன்னாடி யாரு?"

"எங்க மாமா." பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "அவருக்கு மூட்டு வலி சார்."

 

நாளைப் பகல் ஒரு மணிக்கு வெடி என்றான். எனக்கு அது சாப்பாட்டு நேரம்.