பெட்டியைச் சமுத்திரம் வீட்டில் இறக்கிவிட்டேன்

மம்சாபுரம்
தை மாதக் கடைசி, திங்கட்கிழமை

மகன் பாண்டிதுரைக்கும் மருமகள் வெங்கடேஸ்வரிக்கும் ஆத்தா செல்லத்தாய் எழுதுவது. இங்கே நானும் உன் மகன் கௌதம்ராஜும் வேளைக்குக் கஞ்சி குடித்து உயிரோடு இருக்கிறோம். அங்கே அஸ்ஸாம் குளிரில் உன் கழுத்தெலும்பு வலி எப்படி இருக்கிறது, மருமகளுக்கு இரைப்பு நின்றதா என்று எழுதவும். போன் இருக்கும்போது கிழவி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் மகன் பேரை எடுத்தால் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்தாலும் வெங்கடேஸ்வரி ஒட்டி வாசித்துக் காட்டுவாள். மூன்றாம் வகுப்பு எழுத்து, கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

போன வாரம் நீ சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன். இந்தச் சிவராத்திரிக்கு அவன் சாமிப்பெட்டியைத் தூக்கணும், தூக்கலைன்னா எனக்கு மகனே கிடையாது, நீயும் அந்த வேதக்காரிகூடவே போய் இருந்துக்கோ ஆத்தா என்றாய். சொல்லிவிட்டு மருமகளிடம் கூடக் கொடுக்காமல் வைத்துவிட்டாய். நீ வண்டியிலிருந்து விழுந்து தோளால் பாரம் தூக்க முடியாமல் போனதிலிருந்து, சிவராத்திரிக்குக் கருப்பன் கோயிலுக்குச் சுமந்து போகிற அந்தப் பெட்டி அவன் தலைக்குத்தான் என்று எனக்கும் தெரியும். உங்கய்யா அதற்காக உன் பெரியப்பாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததும், தீர்ப்பு வந்த அன்று பால்கோவா வாங்கி ஊர் முழுக்கக் கொடுத்ததும், பெரியப்பா வீட்டில் மட்டும் அதைக் கோழிக்குப் போட்டதும் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷச் சிவராத்திரியை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. போதைப் பழக்கத்துக்கு வைத்தியம் பார்த்து மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவன் தேறி வந்திருந்தான். கை நடுக்கம் நின்றிருந்தது, சோற்றைப் பிசைந்து தின்றான், கன்னத்தில் கொஞ்சம் சதை ஏறியிருந்தது. கருப்பன் கோயிலில் பெட்டியை அவன் இறக்கியதும், தூக்கினவன்தான் கலயத்தில் முதல் வாய் குடிக்க வேண்டும், சாமியாடி பற்றவைத்த சுருட்டில் முதல் இழுப்பு இழுக்க வேண்டும். கலயத்தில் சாராயம். சுருட்டில் என்ன இலை வைத்துச் சுற்றுகிறார்கள் என்று உனக்கும் தெரியும். அவன் வாங்காமல் உன் முகத்தைப் பார்த்தான். நான் பொம்பளைகள் நிற்கிற பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வேண்டாம் என்று கையை ஆட்டினேன். நீ அவன் முதுகில் கை வைத்து, சாமி குடுக்குறதுடா, ஒண்ணும் செய்யாது, வாங்கிக்க என்றாய். கிடாக்கறி தீருவதற்குள் அவன் பெங்களூர் பஸ் ஏறிவிட்டான். நீயும் லீவு முடிந்து ரயில் ஏறிவிட்டாய். பொறவு நடந்தது எதையும் நீ பார்க்கவில்லை, நான் ஒருத்திதான் பார்த்தேன்.

பெங்களூரில் அவன் கித்தார் வாசிக்கிற பாட்டுக் குழுவில் டிரம் அடிக்கிற பையன்தான் அவனைக் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். அவர்கள் வாசிக்கிறது ராக் என்கிறார்கள், எனக்குக் கல்குவாரி சத்தமாகத்தான் கேட்கும், ஆனால் அந்தச் சத்தத்துக்கு மைதானம் நிறையக் கூட்டம் நின்று கையைத் தூக்குவதைப் போனில் பார்த்து நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம், நீயும் உன் ஆபீசருக்குக் காட்டினாய். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாளும் அவன் போதை ஊசி போடாமல் ஏறியதில்லையாம். அதைச் சொன்னவன் அந்த டிரம் பையன். கக்கூசில் கிடந்தான் அப்பத்தா, மூச்சு இருக்கான்னு கண்ணாடி வச்சுப் பார்த்தேன், இனிமே எங்களால ஏலாது என்று அழுதுவிட்டுப் போனான். மறுநாள் மதுரைக்கு மறுபடி கூட்டிக்கொண்டு போகலாம் என்று கிளம்பினேன். மருந்து வேண்டும் மருந்து வேண்டும் என்று பாதி வழியில் இறங்கி ஓடி எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறினான், அவன் பின்னாலேயே நானும் ஏறினேன், கடைசியில் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் வந்து விழுந்தான். வாயில் நுரை. சுற்றி நின்றவர்கள் போனில் படம் பிடித்தார்கள். ஒருத்தி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவனைப் பக்கவாட்டில் புரட்டிப் போட்டு, நாக்கைப் பார்த்து, ஆட்டோவைக் கூப்பிட்டாள். நிமிர்ந்தால் கிருபாபாய்.

இந்தக் கிருபாபாய் யாரென்று உனக்கு நான் சொல்லியிருக்கிறேன். நீ பிறந்த அன்று நான் வலியில் கத்தும்போது, கத்தாதட்டி, நீ மட்டுந்தான் உலகத்துல பிள்ளை பெறுதியா என்று வார்டு முழுக்கச் சிரிக்க வைத்த நர்ஸ். அதிலிருந்து அவளைக் கண்டால் நான் தெருவை மாற்றிக்கொள்வேன். அவளுக்கு அது நினைவே இல்லை, எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெபவீடு நடத்துகிறாள், நீ வேதக்காரி என்றது இவளைத்தான். டாக்டரைக் கூட்டி வந்து ஊசி மருந்தெல்லாம் முறைப்படி கொடுத்துத்தான் அவனை அங்கே கிடத்தினாள், வெறும் ஜெபத்தில் விட்டுவிட்டாள் என்று நீ நினைக்க வேண்டாம். அந்த நாட்களை நான் எழுத மாட்டேன். பெற்ற தகப்பன் வாசித்தால் சோறு இறங்காது. சுவரில் தலையை மோதினான், என்னைக் கெட்ட வார்த்தை சொன்னான், என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். கிருபாபாய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மெதுவாக ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அந்த வீட்டுக்குள் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. எதிர்ப் பெட்டிக்கடையில் சோடா வாங்கிக் குடித்துவிட்டு வருவேன்.

ஒரு நாள் காலையில் போனால் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். கண் தெளிந்திருந்தது. நிறுத்திட்டியாய்யா என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் நிறுத்தலை அப்பத்தா, என்னால நிறுத்த முடியாதுன்னு இயேசுகிட்டச் சொல்லிட்டேன், இத்தனை நாளும் முடியும் முடியும்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன், அவர்கிட்ட முடியலைன்னு சொன்ன பொறவுதான் தூங்குனேன் என்றான். எனக்கு அது விளங்கவில்லை. நம் சாமியிடம் நாம் முடியாது என்று சொல்வதில்லை, செய்கிறேன் என்று நேர்ந்துகொள்வோம். ஆனால் அன்று அவன் என் கையைப் பிடித்த பிடியில் நடுக்கம் இல்லை. விளங்காவிட்டாலும் அது எனக்குத் தெரியும் அல்லவா. அங்கே அவனைப் பாடு என்றோ வாசி என்றோ யாரும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து வரிசையாகப் போடச் சொன்னார்கள், போட்டான். கித்தாரைத் தொட்டாலே ஊசி ஞாபகம் வருது என்று அதைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தான். பாட்டுக்கு வாசிக்கிறவர் காய்ச்சலில் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே எடுத்துக்கொண்டு போனான். நான் பெட்டிக்கடையில் உட்கார்ந்து கேட்டேன். மைதானத்தில் வாசித்தவன் வாசிப்பா அது, விரல் தடுமாறி இரண்டு இடத்தில் நின்றே போனது. பொடிப்பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. மறுபடி முதலிலிருந்து வாசித்தான். ஊசி ஏறாத வெறும் ரத்தத்தோடு அவன் வாசித்து நான் கேட்டது அன்றுதான்.

குணமாகிவிட்டான் என்று நினைத்துவிடாதே. வெளியே பூட்டிக்கோ அப்பத்தா என்று அவனே சாவியைக் கொடுக்கிறான். பூட்டாமல் நான் ரேஷன் கடைக்குக் கூடப் போவதில்லை. அவன் உள்ளே, நான் வாசலில். ஜெபவீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவனை உட்கார வைத்து மறித்துக்கொண்டு நான் உட்காருவேன். எதிர்வீட்டுக்காரி, என்ன மதினி, புருசனோட கூட நீ இப்படி ஒட்டிக்கிட்டுப் போனதில்லையே என்கிறாள். அவள் மகளுக்கு வரன் கேட்டு வரும்போது நானும் பேசுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை பங்காளிகள் கூட்டம், உன் பெரியப்பா மகன் சமுத்திரம் வீட்டு முற்றத்தில். அந்த வாசலைக் கோர்ட்டுத் தீர்ப்பு நாளிலிருந்து மிதித்ததில்லை, மிதித்தேன். என் பேரன் பெட்டியைத் தூக்கட்டும், கலயத்தையும் சுருட்டையும் மட்டும் வேற ஆள் வாங்கிக்கட்டும் என்று கேட்டேன். சமுத்திரம் வெற்றிலையை மென்றுகொண்டு, சாமி என்ன டீக்கடையா நடத்துது சின்னாத்தா, சீனி வேணும் வேண்டாம்னு சொல்றதுக்கு என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பொறவு அவனே, எங்கய்யாவைக் கோர்ட்டுல நிறுத்தி வாங்குன பெட்டியில்ல, தூக்குனா முறையாத் தூக்கணும், இல்லைன்னா அடுத்த பங்காளி எங்க வீட்டுக்கு வரணும், வந்தா திரும்பாது என்றான். அது உண்மைதான், தீர்ப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது, உங்கய்யா சொல்லி எழுத வைத்தது. நம் வாயால் கட்டின கட்டு.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். அவனுக்கு அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். நான் தூக்குறேன் அப்பத்தா, உனக்காகவும் அப்பாவுக்காகவும் தூக்குறேன், வாயில வாங்கிட்டுத் துப்பிருதேன் என்றான். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, ஒளிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைப் பார்த்தபடியே இருந்தான். உதட்டை நாக்கால் துடைத்துக்கொண்டே இருந்தான். துப்பிருதேன் என்று சொன்ன வாய் அதற்குள் ருசி பார்க்கத் தொடங்கிவிட்டது. குனிந்து உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டு, ஆண்டவரே ஆண்டவரே என்று முனகினான். கிருபாபாயிடம் போய்ச் சண்டை போடுவது போலக் கேட்டேன், உன் சாமி இதுக்கு என்ன சொல்லுது என்று. அவள் கோபப்படவில்லை. தூக்காதேன்னு நான் சொல்லமாட்டேன்க்கா, விழுந்தா எடுக்க இங்க ஆள் இருக்கு, ஆனா இன்னொரு தடவை அந்த உடம்பு தாங்குமான்னு ஒரு நர்ஸா எனக்குச் சந்தேகம் என்றாள். அவள் என்னை அக்கா என்றதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பொய் சொல்லவில்லை.

இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் சமுத்திரம், மேலே கருப்பன், உள்ளே பூட்டின அறையில் அவன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். இரண்டு நாள் யோசித்தேன். இன்று காலையில் குளித்து, ஈரச்சேலையோடு சாமியறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்தேன். பொம்பளை தொடக்கூடாது என்று தெரியும், அவனைத் தொடச் சொல்ல எனக்கு மனமில்லை, கூப்பிட்ட ஆம்பளை யாரும் வரவில்லை. தலையில் வைத்துத் தெரு வழியாகவே போனேன், சந்து வழியாகப் போகவில்லை. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். சமுத்திரம் பல் விளக்கிக்கொண்டு நின்றான், குச்சியோடு அப்படியே நின்றுவிட்டான். முற்றத்தில் இறக்கி வைத்து, எம்பேரனைக் குழியில வச்சுட்டுத் தூக்குற பெட்டி எனக்கு வேண்டாம்லே, நீயே தூக்கு, கலயத்தையும் நீயே குடி என்றேன். அவன் பெண்டாட்டி சுடலைமாடத்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கவில்லை. பெட்டியைக் கொடுத்ததால் பகையும் தீர்ந்தது என்று அவர்கள் நினைத்துவிடக்கூடாது. வரும்போது கோயில் இருக்கிற சோழபுரத்துத் திசையைப் பார்த்து நின்று, கருப்பா, தொட்டது நான், கொடுத்தது நான், கேக்கணும்னா என்னைக் கேளு, அந்தப் பயகிட்டப் போகாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். அவன் காலியான சாமியறையைப் பார்த்துவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். சாப்பிடுலே என்றேன், சாப்பிட்டான். கழுவி வைத்துவிட்டு மறுபடி பூட்டச் சொன்னான், பூட்டினேன்.

உங்கய்யா கண்ணுக்குள்ளேயே நிற்கிறார். நான் செத்தால் பங்காளிகள் யாரும் என் மேல் கோடித்துணி போட வரமாட்டார்கள். அதையும் யோசித்துத்தான் செய்தேன். நீ கோபத்தில் என்னைத் திட்டலாம், திட்டு. ஆனால் போன வருஷம் உன் கை அவன் முதுகில் இருந்தது. அந்தக் கையால் இப்போது போனை எடுத்து அவனைக் கூப்பிடு. பெட்டியைப் பற்றிக் கேட்காதே, வேதத்தைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டியா என்று மட்டும் கேள். பங்குனியில் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்களாம். வா என்று நான் சொல்லவில்லை, நானே போவேனா என்று எனக்கே தெரியவில்லை.

உனக்கும் மருமகளுக்கும் ஆசீர்வாதம் எழுத வேண்டும், எந்தச் சாமி பேரில் எழுத என்று இன்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவள் பேரில் எழுதுகிறேன், நல்லா இருங்கள், நோய் நொடி அண்டாமல் இருங்கள். வெங்கடேஸ்வரி காதை மூடித் துணி கட்டாமல் வெளியே போகவேண்டாம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதாக இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் கூப்பிடு. காலையில் கூப்பிட்டு எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அவன் வாசித்துக்கொண்டிருப்பான்.

இப்படிக்கு,
உன் ஆத்தா
செல்லத்தாய்