இசக்கியப்பனுக்கு எண்பது

நாள் 18, காலை 9:10
செவ்வாய்ச் சுரங்கம், நோயாளி அறை 2. எழுதுவது ரோஸ்லின், சமையற்கட்டு. புற்றுக்கட்டி கல்லீரலில். மருந்து புதுசு, இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அறை 1இல் இருந்தவருக்கு இருபது மில்லிகிராம், எனக்கு நாற்பது. நான் தாங்கினால் அறை 3இல் துளைப்பு எந்திரக்காரன் இசக்கியப்பனுக்கு எண்பது. மருந்து ஏற்றும் எந்திரத்துக்குக் கங்காணி என்று பெயர் வைத்திருக்கிறேன். என்ன சொன்னாலும் சிரிப்பதில்லை.
படிவத்தில் தொந்தரவு: ஒன்றுமில்லை.

நாள் 18, மாலை 5:40
பாதம் மரத்துவிட்டது. படிவத்தில் எழுதவில்லை. எழுதினால் அளவைக் குறைத்துவிடுவார்கள். உடம்பைப் படுத்தினால்தானே மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்?

நாள் 19, பகல் 1:10
வலது கண்ணில் பாதி இருட்டு. உட்கார முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. படிவம்: ஒன்றுமில்லை.

பகல் 1:30
பூமியிலிருந்து டாக்டர் நிலோபர்: "ரோஸ்லினம்மா, இருபது எடுத்தவருக்கும் உங்களுக்கும் கட்டி ஒரே அளவுதான் சுருங்கியிருக்கு. தொந்தரவு எதுவும் இருந்தா மறைக்காதீங்க. இல்லேன்னா ரெண்டு மணிக்கு இசக்கியப்பனுக்கு எண்பது ஏறிடும்."
இருபதே போதுமாம். குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறேன், சமையற்காரி. அவன் கண் போனால் எந்திரத்தை யார் ஓட்டுவது?

பகல் 1:36
உண்மையெல்லாம் அனுப்பிவிட்டேன். மார்பு ஒயரைப் பிடுங்கியாவது எண்பதைத் தடுப்பேன் என்றும் சேர்த்தேன். போக இருபத்திரண்டு நிமிடம், வர இருபத்திரண்டு. அதற்குள் மணி இரண்டு தாண்டிவிடும். அளவைப் பூமிதான் மாற்ற முடியும். அறைக் கதவுகளும் பூட்டு.

பகல் 1:41
ஒலிபெருக்கியில் இசக்கியைக் கூப்பிட்டேன்: "ஏல, அந்த மருந்த ஏத்திக்காத. என் கண்ணு போச்சுடா."
"போங்க மதினி! போன வாரம் எனக்குப் பேதி மருந்து ஏத்துறாங்கன்னு புரளி கிளப்பிவிட்டது யாரு? எண்பதுன்னதும் வயிறு எரியுதாக்கும்."
"கேலி இல்லடா, சத்தியமா!"
"அழுகைகூட நல்லா வருதே ஒங்களுக்கு."
அணைத்துவிட்டான்.

பகல் 1:52
சுவரில் ஒட்டிய விதி: ஒரு நோயாளியின் இதயம் நின்றால் எல்லா அறைக்கும் மருந்து நிற்கும். இறந்தவர் அறைக்குக் காற்றும் நிற்கும். உள்ளே இருப்பது இருபது நிமிடம் தாங்கும்.
மார்பு ஒயரைப் பிடுங்கினால் கங்காணிக்கு நான் பிணம். திரும்ப மாட்டினால் உயிர். அவனுக்கு மருந்தும் ஓடும்.

பகல் 1:58
பிடுங்கிவிட்டேன். காற்றுக்குழாய் மூடும் சத்தம் கேட்டது. கங்காணி ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

பகல் 2:05
இசக்கி: "மதினி, மருந்து நின்னுபோச்சு. நீங்க செத்துட்டதாத் திரையில வருது. இதுவும் கேலிதானே? மதினி?"
பதில் சொன்னேன். போகவில்லை. செத்தவள் பேச்சை எந்திரம் அனுப்பாதாம்.

பகல் 2:17
தலை கனக்கிறது. எழுத்து கோணுகிறது. இன்னும் மாட்டவில்லை.

பகல் 2:21
பதில் வந்திருக்க வேண்டும். டாக்டரம்மா சாப்பிட உட்கார்ந்திருப்பார். மெதுவாத் தின்னுங்க தாயி, முள் குத்தப்போகுது.

2:25
இசக்கி அழுகிறான். இவ்வளவு பாசமாடா, பயலே

2:2
டாக்டர் குரல்: "எண்பதை ரத்து பண்ணிட்டேன். ரோஸ்லினம்மா, ஒயர மாட்டுங்க. ஒயர மாட்டுங்க!"
தப்பித்தான். ஒயர் இங்கேதான். மடியில்தான் வைத்தி