இனிஷியல் திருத்தம்

9 பிப்ரவரி 2004, திங்கள்

காலையில் ஆபீஸ் கேப் வரவில்லை. பாணேர் சாலையில் நாற்பது நிமிஷம் நின்றேன். ஹிஞ்சேவாடி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது மீட்டிங் பாதி முடிந்திருந்தது. எதைப் பற்றி என்று பார்த்தால், என் ஊர்க்காரர்களைப் பற்றி.

எங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் எண்பத்து மூன்று கிளைகளும் இன்னும் கூரியரில்தான் புனேயோடு பேசுகின்றன. கோயமுத்தூரில் ஒருவர் வீடு மாறினால் அந்தத் தாள் புனேயில் கேம்ப் பகுதியில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு வந்து, பதிவாகி, பதில் திரும்பிப் போக இருபத்தோரு நாள். இனி அங்கே தட்டினால் இங்கே அந்த நொடியே தெரிய வேண்டும், அதுதான் திட்டம். தமிழ்நாட்டுப் பாலிசிகளைச் சரிபார்க்க என்னைக் கோவைக் கிளையிலிருந்து ஆறு மாதத்துக்கு என்று சொல்லி இங்கே அனுப்பினார்கள். இது பதினாலாவது மாதம்.

திட்டத் தலைவர் கானிட்கர் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு கேட்டார்: "வாசுதேவன்ஜி, இந்த 'இல்லை' குடும்பம் உங்கள் பக்கம் ரொம்பப் பெரிதா? ஆயிரத்து நூறு பாலிசி இருக்கிறதே?"

ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டேன். சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் பழைய கம்ப்யூட்டர் நகராது. நம் ஆட்களுக்கு ஏது சர்நேம்? 'இல்லை' என்று ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். இத்தனை வருஷமும் புனேயிலிருந்து 'டியர் மிஸ்டர் இல்லை' என்று கடிதம் போயிருக்கிறது. வாங்கினவர்களில் ஒருத்தராவது வாயைத் திறந்திருக்க வேண்டுமே!

சிரித்துவிட்டுத் திரும்பினால் கூடச் சிரிக்க ஆள் இல்லை. எல்லோருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. விளக்கினபிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

15 பிப்ரவரி, ஞாயிறு

ஊரில் இருக்கும் மனைவி கிரிஜாவோடு போனில் பேசினேன். ஸ்கூலில் பரீட்சைத் தாள் திருத்தும் வேலையாம். மகள் ப்ரீத்திக்கு இருமல். எல்லாம் சொல்லிவிட்டு, "ஜூன்ல ஸ்கூல் தொறக்குதுங்க. ஒண்ணு நீங்க இங்க வாங்க, இல்லீன்னா நாங்க அங்க வர்றோம். ரெண்டுல ஒண்ணு சொல்லீருங்க" என்றாள்.

ஜூனில் திட்டம் முடிந்துவிடும், அப்புறம் பேசலாம் என்றேன்.

"அப்புறம்னா எப்பங்க?"

பதில் சொல்வதற்குள் ப்ரீத்தி போனைப் பிடுங்கிவிட்டாள். நல்லதாகப் போயிற்று.

3 மார்ச்

இன்று ஜெயித்தேன். இனிஷியலுக்குத் தனிக் கட்டம் கொடுக்க கானிட்கர் ஒப்புக்கொண்டார்.

சாஃப்ட்வேரைச் சோதனை பார்க்கிற பெண் ஈனிட் மட்டும் விடவில்லை. கேம்ப்பில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம் அவளுடையது. இந்தி கலந்த தமிழ் பேசுவாள், தமிழ் படிக்கத் தெரியாது. "ஒரு லெட்டர்தானே அங்கிள், மெஷீனே மாத்திக்கட்டுமே" என்றாள்.

"ஒரு லெட்டர் மாறினா அப்பாவே மாறிடுவாரும்மா" என்றேன்.

பெண்களுக்கானால் கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் புருஷனின் எழுத்து. அதே ஆளா வேறு ஆளா என்று மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்? எனவே என் விதி: மற்றதெல்லாம் உடனுக்குடன் ஏறட்டும், இனிஷியல் மாற்றம் மட்டும் விஷயம் தெரிந்த ஒரு மனிதனின் பார்வைக்கு வந்து நிற்கும். நாலு மணி நேரத்துக்குள் அவன் சரி சொல்ல வேண்டும், தவறினால் சிவப்பாகிவிடும். தமிழ்நாட்டுக்கு அந்த மனிதன் நான்.

நான் சொல்லச் சொல்ல நாலு பேர் எழுதிக்கொண்டார்கள். கோவைக் கிளையில் இருபது வருஷத்தில் யாரும் அப்படி என் வாயைப் பார்த்ததில்லை.

11 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர். ஈனிட் வீட்டில் சாப்பாடு. அவள் அம்மா மரியம்மாள் இலை கிடைக்காமல் தட்டில் போட்டதற்கு மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். மட்டன் குழம்பு. கண்ணில் நீர் வந்துவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"ஆன்ட்டியையும் பொண்ணையும் கூட்டிட்டு வந்துடுங்க அங்கிள். எங்க பாஜூல கர் காலி இருக்கு. ஸ்கூலும் நஸ்தீக், பக்கத்துலதான்" என்றாள் ஈனிட். அந்தப் பக்கத்து வீட்டைப் போய்ப் பார்த்தேன். நல்ல வீடு. கிழக்குப் பார்த்த அடுக்களை, இரண்டு அறை. மரியம்மாளே வீட்டுக்காரரிடம் பேசுகிறேன் என்றார்.

19 ஏப்ரல்

கிரிஜாவிடம் அந்த வீட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவள் வந்துவிட்டால் ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதாலா? தனியாக இருப்பது பிடிக்கவில்லை, அதைவிட்டு எழுந்து வரவும் மனசில்லை. என்னடா ஆள் நீ?

2 மே

வீடு வேறு யாருக்கோ போய்விட்டது.

6 ஜூன், ஞாயிறு

கிளைகளை இணைப்பது செப்டம்பருக்குத் தள்ளிப் போயிற்று. கிரிஜாவிடம் சொன்னேன். சண்டை போடுவாள் என்று பதில்களெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

29 ஜூன்

கிரிஜாவும் ப்ரீத்தியும் மாமனார் சுந்தரராமன் வீட்டுக்கே குடிபோய்விட்டார்கள். சாமான்களை ஏற்றி முடித்தபிறகுதான் ப்ரீத்தி சொல்லித் தெரிகிறது.

20 செப்டம்பர், திங்கள்

கோவைக் கிளை இணைந்துவிட்டது. என் பழைய நாற்காலியில் இப்போது முகமது இஸ்மாயில். அங்கே அவன் ஒரு முகவரியை மாற்றினான்; நான் இங்கே கண்ணை இமைப்பதற்குள் வந்து நின்றது. "நெசமாவே வந்துருச்சுங்களா சார்?" என்று நாலு தடவை கேட்டான். அறை முழுக்கக் கைதட்டல். கானிட்கர் என் முதுகில் அடித்து, பேடாவை வாயில் திணித்தார்.

கிரிஜாவுக்குப் போன் செய்தேன். ப்ரீத்திதான் எடுத்தாள். "அம்மா தாத்தாகூட வெளிய போயிருக்காங்கப்பா. ஏதாச்சும் சொல்லணுமா?"

ஒன்றுமில்லை என்றேன்.

14 நவம்பர்

தீபாவளிக்குப் போகவில்லை. நாலு கிளை பாக்கி. அறையில் ரொட்டி, தக்காளித் தொக்கு. ஊருக்குப் போன் செய்யக் கூச்சமாக இருந்தது. சொந்த மனைவிக்குப் போன் செய்யக் கூச்சம் வருமா? வருகிறது.

18 ஜனவரி 2005, செவ்வாய்

காலை பதினொன்றே காலுக்கு ஒரு இனிஷியல் திருத்தம் வந்தது. கோவைக் கிளை. வி. கிரிஜா என்பதை எஸ். கிரிஜா என்று மாற்றக் கோரிக்கை. காரணம் என்ற இடத்தில் 'எழுத்துப் பிழை' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. பிறந்த தேதி பார்த்தேன். பாலிசி எண் பார்த்தேன். அந்த பாலிசியை எழுதினதே நான்தான்.

வாசுதேவனின் வி. சுந்தரராமனின் எஸ்.

ஈனிட் எட்டிப் பார்த்து, "ஸ்பெல்லிங் மிஸ்டேக்தானே அங்கிள், ஓகே பண்ணிடுங்க" என்றாள். அப்புறம் பார்க்கிறேன் என்றேன்.

எழுத்துப் பிழையாமே. பதிமூணு வருஷம் எழுத்துப் பிழையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? போன்ல சொல்ல முடியாதா, கடுதாசி போட முடியாதா? இப்படியா நான் தெரிஞ்சுக்கணும், ஆபீஸ்ல நாலு பேர் நடுவுல?

மூன்றே காலுக்குச் சிவப்பாகிவிட்டது.

21 ஜனவரி

இன்னும் தொடவில்லை. நாடு முழுக்க நிலுவையில் நிற்பது அந்த ஒன்றுதான். கானிட்கர் கேட்டதற்கு ஆவணம் தெளிவாக இல்லை என்று பொய் சொன்னேன். ஆவணம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அவள் கையெழுத்து, நோட்டரி முத்திரை, எல்லாம். தினமும் காலையில் போனவுடன் அதைத்தான் திறக்கிறேன். அது நிற்கிறவரைக்கும் அவள் பெயருக்கு முன்னால் நான் இருக்கிறேன். கேட்டால் காறித் துப்புவார்கள்.

24 ஜனவரி, திங்கள்

இஸ்மாயில் போன் செய்தான். "சார், உங்க பக்கம் ஒரு ரெக்வெஸ்ட் நிக்குதுங்க. அந்தம்மா ரெண்டு தடவ வந்துட்டாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "நம்ம அக்காதானுங்க சார். காரணம் நான்தான் அப்படிப் போட்டு உட்டேன். வேற என்ன போடறதுன்னு தெரியலீங்க."

மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"நீங்கதான் நிறுத்தி வச்சிருக்கீங்களாங்க?"

"ஆமா."

"எதுக்குங்க?"

"நான் வர்றேன் கிரிஜா. இந்த வாரமே கிளம்பி வர்றேன்" என்றேன்.

"நானும் புள்ளையும் ரெண்டு வருஷமாக் கூப்பிட்டோம். அப்ப வரலீங்க. இப்ப ஒரு எழுத்துக்கு வர்றீங்களா?" குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்தால் ரயில் ஏறியிருப்பேன். "ஸ்கூல்ல, பேங்க்ல எல்லாம் மாத்தீட்டேன். இது ஒண்ணுதான் நிக்குது. சரின்னு போட்டுருங்க."

25 ஜனவரி

போட்டுவிட்டேன். இரண்டு நொடி. கூரியர் காலமாக இருந்தால் இருபத்தோரு நாள் கிடைத்திருக்கும், போய்க் காலில் விழுந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் பொய். இருபத்து நாலு மாதம் கிடைத்தது, என்ன கிழித்தேன்?

கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். ஈனிட் தேநீர் வாங்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது.

8 நவம்பர்

கோர்ட்டில் விவாகரத்து முடிந்தது. இரண்டு பேரும் சம்மதித்துத்தான். வெளியே வந்து ப்ரீத்தியைப் பற்றிக் கேட்டேன், நன்றாகப் படிக்கிறாளா என்று. கிரிஜா, "உங்களை மாதிரியே கணக்குல கெட்டிங்க" என்றாள். அன்றே புனேக்கு ரயில்.

14 மார்ச் 2006, செவ்வாய்

கோவைக்கு மாற்றல் தரட்டுமா என்று கானிட்கர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

என் சொந்த பாலிசியில் வாரிசுதாரர் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. மனைவி என்று இருந்த வரியை எடுத்தேன். வி. ப்ரீத்தி, உறவு மகள் என்று அடித்தேன். வயது பதின்மூன்று என்றதும், மைனருக்குப் பொறுப்பாளர் யார் என்று அடுத்த கட்டம் திறந்தது. அது காலியாக இருந்தால் நகராது.

எஸ். கிரிஜா என்று அடித்தேன். உறவு: தாய். உடனே ஏற்றுக்கொண்டது.