மனப்பாடம் என்று சொன்னார்கள்

ஜூன் 11

என் நாற்காலியில் மறுபடியும் துணி. காய்ந்ததை மடித்து அடுக்கி வைத்துவிட்டு மருமகள் சட்டைக் கம்பெனி வேலைக்குக் கிளம்பிவிட்டாள். நான் எங்கே உட்காருவது? கேட்டால், "கொஞ்சம் நகர்த்தி வெச்சுக்கங்க மாமா" என்பாள். நகர்த்தினால் மடிப்பு கலையும். கலைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அநியாயம்.

இதையெல்லாம் ஃபோனிடம்தான் சொல்கிறேன். எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்கிறது. பேத்தியின் ஏற்பாடு. அவள் படிப்பது நாலு வருஷப் படிப்பு; பாதி வாத்தியார் படிப்பு, பாதி கம்ப்யூட்டர். ரெண்டுங்கெட்டான் படிப்பு என்று எதிர்வீட்டு பென்ஷன்காரர் சொன்னார். அவர் மகன் மட்டும் படித்து என்ன கிழித்துவிட்டானாம்?

கடைசி வருஷத்தில் ஒவ்வொருவரும், எழுத்துத் தெரியாத ஒரு ஆளைப் பிடித்து, தாங்களே கம்ப்யூட்டரில் செய்த பாடத்தை வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். ஆள் படித்தால் இவள் பாஸ். ஆள் தேட அவள் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

"வீட்லயே ஒண்ணு இருக்கே" என்றாள்.

ஒண்ணாம்! நான் என்ன பீரோவா?

ஜூன் 14

கல்லூரியில் அவளுக்கு வழிகாட்டும் மேடம் படம் போட்ட அட்டைகள் கொடுத்தனுப்பியிருக்கிறார். அணில். ஆடு. இலை. ஒவ்வொன்றுக்கும் கீழே பெரிய எழுத்து. இந்த வயதில் அணிலைப் படித்து நான் என்ன, அணிலுக்குக் கடுதாசி போடப் போகிறேனா? அட்டைகளைத் தள்ளிவிட்டேன்.

பேத்திக்குக் கோபம் வரவில்லை. சிரித்தாள். "எனக்கும் பிடிக்கல தாத்தா. அதான் உன்னைப் பேசச் சொன்னேன். நீ பேசறதுதான் உனக்குப் பாடம். எந்த வார்த்தையை நீ ஜாஸ்தி சொல்றியோ, அதை முதல்ல படிப்ப."

"எதை ஜாஸ்தி சொல்றேனாம்?"

ஃபோனைத் தட்டிப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். "அநியாயம்."

ஜூன் 16

அநியாயம் என்று படித்தேன். எழுத்தில் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 3

நாற்காலியைப் பற்றி அன்றைக்குச் சொன்னதை இன்று முழுக்கப் படித்துவிட்டேன். தடங்கல் இல்லை. பென்ஷன்காரரைக் கூப்பிட்டு எதிரிலேயே படித்துக் காட்டினேன். "அட, நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறீரே" என்றார். மருமகளும் கேட்டுக்கொண்டே அந்தப் பக்கம் போனாள். அவளைப் பற்றியதுதானே எல்லாம்! துணியை மட்டும் எடுக்கவில்லை.

ஜூலை 9

வயிறு எரிகிறது.

மேடம் வீட்டுக்கே வந்திருந்தார். பேத்தி பெருமையாக ஃபோனை என் கையில் கொடுத்தாள். படித்தேன். கடகடவென்று படித்தேன். முடித்ததும் மேடம் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார்: "இவர் படிக்கலம்மா. மனப்பாடமா சொல்றார்."

நானா? "கண்ணைத் திறந்துக்கிட்டுதானேம்மா படிச்சேன்?" என்றேன்.

"ஒரு நிமிஷம் ஐயா" என்று ஃபோனை வாங்கி என்னவோ செய்து திருப்பிக் கொடுத்தார். மறுபடி படித்தேன். 'என் நாற்காலியில் மறுபடியும் துணி.'

"நாற்காலியை எடுத்துட்டுக் கட்டில்னு மாத்தியிருக்கேன் ஐயா."

பார்த்தேன். மாற்றித்தான் இருந்தது.

நம்பிப் படிக்கிறவனுக்குத் தெரியாமல் நடுவில் கையை விட்டு ஒரு வார்த்தையை உருவிக்கொள்கிறது... இது சோதனையா, பிக்பாக்கெட்டா? என் நாற்காலியை எதற்குக் கட்டிலாக்க வேண்டும்? நான் அப்படிச் சொல்லவே இல்லையே!

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "இப்படியே எக்ஸாமுக்குக் கூட்டிட்டு வந்தா ஃபெயில்தான். இன்னொரு வருஷம் உட்காரணும், பார்த்துக்கோ. அட்டையில ஆரம்பிச்சிருந்தா இந்த வம்பே இல்ல."

பேத்தி முகம் செத்துவிட்டது.

ஜூலை 10

காலையில் எனக்கும் அவளுக்கும் பெரிய சண்டை.

"நீ ஏன் தாத்தா எல்லாத்தையும் இப்படி ஞாபகம் வெச்சுக்கற?"

கேட்கிற கேள்வியைப் பாருங்கள். பார்சல் கொட்டகையில் என்னை வேலைக்கு வைத்ததே இந்த ஞாபகத்துக்காகத்தான். எந்த மூட்டை எந்த லாரியில் வந்தது, எந்த மூலையில் கிடக்கிறது, யார் வந்து கேட்பார்கள், எல்லாம் தலைக்குள் இருந்தது. எழுத்து இல்லாதவனுக்கு வேறு என்ன இருக்கிறது? அதை வைத்துத்தான் இவள் அப்பனை வளர்த்தேன். அவன் இன்று ஊர் ஊராக லாரி ஓட்டுகிறான். இவள் கல்லூரிக்குப் போகிறாள். இப்போது அதுவே குற்றமாம். நல்லா இருக்குடி உன் நியாயம்!

சொல்லிவிட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனால் ஒன்று. அதே பக்கத்தை இப்போது மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். நான் படிக்கிறேனா, நினைத்துக்கொள்கிறேனா? எனக்கே பிடிபடவில்லை. கண் அங்கே இருக்கிறது. வாய் அதற்கு முன்னால் ஓடுகிறது.

ஜூலை 12

பேத்தி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். நான் சொல்லாத பேச்சு வேண்டும், ஆனால் அணிலும் வேண்டாம். இந்த வீட்டுப் பேச்சாகவே இருக்க வேண்டும். அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, நீ பேசும்மா. தாத்தா படிக்கட்டும்."

"எனக்கு என்னடி இருக்கு பேச?"

"உன் இஷ்டம். காலையில எழுந்தேன்னு ஆரம்பி."

"உங்க தாத்தா பேசறதே ஆறு வீட்டுக்குப் போதும்."

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று தெரிந்துகொண்டேதான் சொல்கிறாள்.

ஜூலை 15

மருமகள் தினமும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஃபோனில் என்னவோ முணுமுணுக்கிறாள். ஒரு வார்த்தையும் எனக்கு விழுவதில்லை. மறுநாள் அதைப் படிக்கச் சொல்கிறாள் பேத்தி. டீ போட்டேன். பஸ் பிடித்தேன். லைன் சூப்பர்வைசர் கத்தினார். சட்டைக்குக் காலர் சரியில்லை.

ஒரு வரிக்குள் முக்கி முனகி வியர்த்துவிடுகிறது. நேற்று நியூஸ் வாசித்தவன் இன்று எழுத்துக் கூட்டுகிறேன். பென்ஷன்காரர் எட்டிப் பார்த்து, "என்ன ஓய், ஸ்டேஷன் மாறிப்போச்சா?" என்கிறார். அந்த ஆளுக்கு வேறு வேலையே கிடையாதா?

ஜூலை 19

இவள் பேச்சு எதற்கு இத்தனை சின்னச் சின்னதாக இருக்கிறது? எழுந்தேன், போனேன், வந்தேன். படிக்கிறவனுக்கு உப்பு உறைப்பு வேண்டாமா? பேத்தியிடம் சொன்னேன். "அவங்க பேசற மாதிரிதான் தாத்தா வரும்" என்றாள்.

ஜூலை 22

இன்று 'நின்றேன்' என்பதை யாரும் சொல்லாமல் படித்தேன். அவள் பேச்சில் அது அடிக்கடி வருகிறது.

ஜூலை 28

பரீட்சை. நீள மேஜை. மேடமும், வெளியிலிருந்து வந்த இன்னொருவரும். பேத்தி ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். அவள் அம்மா பேசியதில் நேற்றைய பேச்சை மட்டும் தானும் பார்க்காமல் அப்படியே மேடத்துக்கு அனுப்பிவிட்டாளாம். வந்தவர் அதைத் திறந்து என் முன்னால் வைத்தார். "மெதுவா படிங்க ஐயா. அவசரமே இல்ல."

படித்தேன். எழுத்து எழுத்தாகத்தான் வந்தது.

'எழுந்தேன். டீ போட்டேன். வேலைக்குப் போனேன். நாள் முழுக்க நின்றேன். கால் வீங்கி இருக்கு. செருப்பு ஏறல. வீட்ல யார்கிட்டயும் சொல்லல. மாமா பேசினா ஃபோன் கேக்குது. நான் பேசினா யார் கேக்கறா.'

நிறுத்திவிட்டேன்.

"இதுல என்ன சொல்லியிருக்காங்க ஐயா? உங்க வார்த்தையில சொல்லுங்க" என்றார் வந்தவர்.

என் வார்த்தையா? வந்ததே கோபம். "என்ன சொல்லியிருக்காளா? கால் வீங்கிக் கெடக்குங்க! செருப்பு ஏறலயாம்! ஒரே வீட்ல இருக்கோம், ஒருத்தனுக்கும் தெரியாது!" பேத்தி பக்கம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமாடி? உங்கம்மாதானே? தெரியுமா, தெரியாதா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள், தெரியாது என்று.

"இன்னொரு பகுதி இருக்கு ஐயா" என்றார் மேடம், மெதுவாக.

"அது கெடக்கட்டும்மா. நான் வீட்டுக்குப் போகணும்."

பஸ்ஸில் பேத்தி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் ஒன்று இருக்கிறதே, அது பொல்லாதது. நான் இவளைப் பற்றி எத்தனை நாள் பேசியிருக்கிறேன்! கால் எங்கே இருந்தது அப்போது? என் கண்ணுக்கு நேராகத்தானே நடந்துகொண்டிருந்தது?

மருமகள் சாயங்காலம் வந்தாள். பையை ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டாள்: "எப்படிப் போச்சு மாமா?"

"படிச்சேன்."

"எதை?"

"உன்னோடதை. நேத்திக்குச் சொன்னதை."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நான் நாற்காலியைப் பார்த்தேன். அதன்மேல் துணி. மடிப்புக் கலையாமல் இரண்டு கையாலும் அள்ளித் தரையில் வைத்தேன்.

"உக்காரும்மா" என்றேன்.

"அடுப்புல வேலை இருக்கு மாமா."

"உக்காருன்னா உக்காரணும்!"

கத்திவிட்டேன். அப்படித்தான் வருகிறது எனக்கு. உட்கார்ந்தாள்.

ஜூலை 30

மருமகளை டாக்டரிடம் பேத்தி கூட்டிப் போனாள். நிற்கிற வேலையைக் குறைக்கச் சொன்னாராம். கம்பெனியில் உட்கார ஒரு ஸ்டூல் கேட்டால் தர மாட்டார்களாம். ஸ்டூல்! மனுஷனுக்கு ஒரு ஸ்டூல் தர முடியாத கம்பெனி என்ன கம்பெனி? நாளைக்கு நானே போய்க் கேட்கிறேன் என்றேன். "வேண்டாம் மாமா, இருக்கற வேலையும் போயிடும்" என்றாள். "அப்ப நீயே கேளு, நான் வாசல்ல நிக்கறேன்" என்றேன். யோசிக்கிறாள்.

ஆகஸ்ட் 6

பேத்தி பாஸ். மேடமே ஃபோன் பண்ணிச் சொன்னார்; நான் பாதியில் எழுந்து வந்தாலும், அன்றைக்குப் படித்து அர்த்தம் சொன்னதே போதுமாம். எனக்கு ஒரு வணக்கமும் சொன்னாராம். அந்த நாற்காலி விஷயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆகஸ்ட் 9

இன்று எனக்கு இவ்வளவுதான். ஃபோனுக்காக மருமகள் காத்துக்கொண்டு நிற்கிறாள். இல்லை, தப்பு, உட்கார்ந்திருக்கிறாள். காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டு, "போதும் மாமா, கொடுங்க, எனக்கு நிறைய இருக்கு" என்கிறாள்.