குவிச்ச சோறு

12.3.1989
தண்ணி லாரி இன்றும் வரவில்லை. இந்த லட்சணத்தில் மருமகள் வேணி மூணு தேங்காய் கேட்கிறாள். ஒரு வேளைச் சோத்துக்கு மூணு தேங்காயா? இந்தக் கரிசக்காட்டில தேங்காய் என்ன தெருவிலயா கிடக்கு? இந்தோனேசியாவில், மேடானில் பிறந்து வளர்ந்த கை. வாங்கிக் குடுத்தேன்.

15.3.1989
மகன் அருண்பாண்டியனுக்குப் பிறந்தநாள். வேணி தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டு, அவுக ஊர் வாசனைப் புல் இங்கே கிடைக்காததால் நாரத்தை இலையைப் போட்டுச் சோறு பொங்கினாள். வாசம் தெருவரைக்கும் வந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஆனா அதைக் கோபுரமாக் குவிச்சு எம் முன்னால கொண்டாந்து வைக்கிறா. செத்தவுகளுக்கில்ல நாம சோத்தைக் குவிச்சுப் படைப்போம்? "உசுரோட இருக்கிறவளுக்குப் படையல் போடுறியா?"ன்னு கேட்டுட்டேன். கையில் கத்தியோடு அப்படியே நின்றாள். மொத்தத்தையும் மாட்டுத் தொட்டியில் கொட்டினேன்.

16.3.1989
ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டு எழுந்து போனோம்.

2.6.1989
ரெண்டு பேரும் மேடானுக்கே போயிட்டாக. அவ அப்பா கடையைப் பார்த்துக்கணுமாம். பஸ் ஏறும்போது, "போயிட்டு வாரேன் அத்தை" என்றாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

20.4.1991
அருண் கடிதம். இப்பத்தான் எழுதுறான். அந்தச் சோறு அங்க இருக்கிற ஜாவாக்காரங்க நல்ல நாளைக்குப் பொங்கிக் குவிக்கிறதாம். உச்சியை வெட்டி, வீட்டிலேயே பெரிய மரியாதைக்கு உரியவருக்கு முதலில் குடுப்பாகளாம். "உங்களுக்குக் குடுக்கத்தாம்மா கத்தியோட நின்னா. தெரிஞ்சா வருத்தப்படுவீகன்னு என்னையும் சொல்ல விடலை."

அடி பாவி, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? — நான் திறக்க விட்டேனா?

3.5.1991
வேணிக்கு எழுதணும். என்னன்னு ஆரம்பிக்க?

11.8.1991
ஒருவழியாக எழுதிப் போட்டேன், அவள் பேருக்கே. வா தாயி, மூணு என்ன, முப்பது தேங்காய் வாங்கி வைக்கிறேன்னு.

24.8.1991
தந்தி. வேணி போயிட்டா. மூளைக் காய்ச்சலாம். கடுதாசி கைக்குப் போய்ச் சேர்ந்துச்சா?

15.3.1992
அருண் வந்திருக்கிறான். என் கடிதத்தைப் பிரிக்காமலே கொண்டுவந்தான். அவள் போன மூணாம் நாள்தான் வந்ததாம்.

மூணு தேங்காய் உடைச்சேன். மஞ்சள், நாரத்தை இலை. குவிக்கத் தெரியவில்லை, ரெண்டு தடவை சரிந்தது. அருண்தான் பிடித்துக் குடுத்தான். உச்சியை வெட்டி அவள் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

பிறகு நாங்கள் ரெண்டு பேரும் சாப்பிட்டோம். இன்னைக்குத்தான் நான் அதை வாயில வைக்கிறேன்.

நல்லா இருக்கு, வேணி.