தனித் தட்டு

நவ. 8, சனி
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. செவ்வாயன்று கல்லூரியில் பேச வேண்டியதற்குக் குறிப்பு:
– எச்.ஐ.வி. மேல் நம் உடலின் சர்க்கரையே போர்வையாக. உடல் தன்னுடையது என்று விட்டுவிடுகிறது.
– வைரஸின் உருவம் மாறிக்கொண்டே இருக்கும். வெகு சிலர் உடலில் மட்டும், பல வருடம் கழித்து, சர்க்கரைகளுக்கு நடுவே நுழைந்து அதிகம் மாறாத இடத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி. பல வகை வைரஸையும் அடையாளம் காணும்.
– ஆய்வகக் குரங்குகள் சிலவற்றிலும் அப்படியே. எந்தெந்தப் படிகளில் உண்டானது? தடுப்பூசியால் உடலை அதே படிகளில் ஏற்ற முடியுமா?
குரங்குப் படம் ஒன்று போதும்.
நாளை அண்ணன் மகனின் வலீமா, கல்யாண விருந்து. சின்னம்மா மகள், என் தங்கை முறை ஷமீமா வருகிறாள். அவளுக்கு எச்.ஐ.வி. என்பது குடும்பத்தில் எனக்கு மட்டும் தெரியும். "நீங்க படிச்சவங்க லாத்தா, பயப்பட மாட்டீங்க" என்று அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். மாத்திரை தவறுவதில்லை. ரத்தப் பரிசோதனையில் வைரஸ் தெரியாத அளவு.

நவ. 9, ஞாயிறு
முத்தியால்பேட்டை மண்டபம். புழுக்கம். சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர் சேர்ந்து சாப்பிட வேண்டும். ஷமீமா, மாமி, மாமி மகள். நான்காவது இடம் எனக்கு.
"லாத்தா, இங்க வாங்க! எடம் புடிச்சு வெச்சிருக்கேன்."
மாமி: "காலேஜ் டீச்சர் நம்மகூட உக்காருவாங்களா? ஸ்பூன் கேப்பாங்க!"
ஷமீமா விரலில் பிளாஸ்டர். சோற்றில் அவள் கை.
"வயிறு சரியில்ல" என்றேன்.
தனித் தட்டு வாங்கி ஓரமாக உட்கார்ந்தேன். தால்ச்சா இரண்டு முறை கேட்டு வாங்கினேன், அதையும் அவள் பார்த்தாள். என் பக்கமாக ஒதுக்கி வைத்திருந்த கறித்துண்டை மாமி பக்கம் நகர்த்தினாள்.

நவ. 11, செவ்வாய்
பேச்சு நன்றாக வந்தது. ஒரு பெண்: "குரங்குக்கு வந்த ஆன்டிபாடி நமக்கும் வர வைக்கலாமா மேடம்?" முயல்கிறார்கள், எளிதில்லை என்றேன்.
பின்வரிசைப் பையன்: "ஒண்ணா சாப்ட்டா ஒட்டிக்குமா மேடம்?" சிரிப்பு.
"ஒட்டாது. ஒரே தட்டுல சாப்டலாம்." கணீரென்று சொன்னேன். கைதட்டல்.
வண்டியை எடுக்கக் கொஞ்ச நேரமானது.

நவ. 12, புதன்
ஷமீமா போன். "வயிறு எப்படி இருக்கு லாத்தா?"
அப்போதே சொல்லியிருக்கலாம். "பரவால்ல" என்றேன்.
போர்வை, சொந்தம் என்று ஏதோ ஒப்புமை எழுத வருகிறது. அடித்துவிட்டேன். பயந்தேன். அவ்வளவுதான்.

நவ. 14, வெள்ளி
வெயில். மதியம் ஷமீமா வீடு. சொல்லிவிடத்தான் போனேன். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் பாக்குமட்டைத் தட்டுக் கட்டைப் பிரித்தாள். கூடவே புது டம்ளர், ஸ்டிக்கர் கிழிக்காதது.
"உங்களுக்குன்னே வாங்கினேன் லாத்தா. யார் கையும் படல. நிம்மதியா சாப்டுங்க."
குத்தல் இல்லை. உண்மையாகவே சொன்னாள்.
"வயித்துக்கு ஒண்ணுமில்ல ஷமீமா, அன்னிக்கும் ஒண்ணுமில்ல" என்றேன். தெரியும் என்பதுபோல் தலையாட்டினாள். அவள் தட்டை நோக்கிக் கை நீட்டினேன்.
தட்டை மடியோடு இழுத்துக்கொண்டாள். "வேணாம் லாத்தா. அப்புறம் வீட்ல போய் பயந்துட்டு இருப்பீங்க."
பாக்குமட்டையில் சாப்பிட்டேன்.