ஆறடிப் பாப்பா

மார்ச் 3
சலூனில் ஒருவருக்குப் பாதி முகம் மழித்திருந்தபோது போன் வந்தது. மகளின் கோச். "அண்ணே, பாப்பாவ தேசிய முகாமுக்குக் கூப்பிட்டிருக்காங்க!" கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கை நடுங்கினால் அடுத்தவர் கன்னம் அல்லவா? அவரோ நுரையோடு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பத்தொன்பது வயது, ஆறடி. கூடைப்பந்து உலகத்துக்கு அவள் நெட்டை. எனக்கு இன்னும் பாப்பாதான்.

மார்ச் 10
முகாமுக்கு முன் கடைசி லீக் ஆட்டம். மூன்று பேர் அவளை மறித்து நின்றார்கள். இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் பந்தைக் கொடுத்தாள். வாங்கியவளுக்கே அது எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. எதிரணிப் பெண் ஒருத்தியின் அப்பா எங்களுக்குப் பக்கத்தில் இருந்தார். அவரே கை தட்டிவிட்டார்.

"முதுகுல கண்ணு வச்சுல்ல பெத்திருக்கீங்க!"

"வீட்டுல கண்ணு முன்னாடி இருக்கிற சாவி தெரியாதுங்க அவளுக்கு" என்றாள் என் மனைவி. குரலில் பெருமை வழிந்தது.

மார்ச் 24
முகாமில் மருத்துவப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். பாப்பாவின் இதயத்தின் சுவர் ஒரு பக்கம் தடித்திருக்கிறதாம். ஆடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகலாமாம். இங்கே இன்னொரு டாக்டரிடம் காட்டினோம். அவரும் அதையேதான் சொன்னார்: "நடக்கலாம், படிக்கலாம், எல்லாம் செய்யலாம். போட்டி ஆட்டம் மட்டும் வேண்டாம்."

மட்டும்! என்ன லேசாகச் சொல்லிவிட்டார்.

மார்ச் 25
அவள் சாப்பிடவில்லை. நாங்களும்தான்.

ஏப்ரல் 9
ஒரு தனியார் கிளப்பின் மேனேஜர் கடைக்கு வந்தார். முடி வெட்டிக்கொள்ள அல்ல.

"நாங்க மெடிக்கல் எதுவும் கேக்க மாட்டோம் சார். என்ன ஆனாலும் கிளப் பொறுப்பில்லன்னு உங்க பொண்ணு ஒரு கையெழுத்துப் போட்டா போதும். நீங்க சொன்னா கேப்பா."

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வாசலைக் காட்டினேன். வீட்டில் இதை மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது அவளுடைய நெஞ்சு, அவளுடைய ஆட்டம். நான் யார் மறைக்க? சொல்லிவிட்டேன். மனைவி, "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று அழுதாள். கெட்டுத்தான் போய்விட்டதோ? தெரியலையே...

ஏப்ரல் 12
மூன்று நாளாக வீடு வீடாக இல்லை. இன்று சாயங்காலம் பாப்பா கடைக்கு வந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஆடுறப்ப நான் எதையும் யோசிச்சதே இல்ல. கை தானா போகும். இனிமே நெஞ்சு என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டே ஓடணும். அது ஆட்டமாப்பா?"

என் முன்னாலேயே கிளப்புக்குப் போன் போட்டாள். "வரலைங்க. நன்றி." அவ்வளவுதான். மூவர் மறித்தபோதுகூட அவள் இவ்வளவு நிதானமாக நின்று நான் பார்த்ததில்லை.

பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். நன்றாகக் குனிந்துதான் சாய வேண்டியிருந்தது.

ஜூலை 2
பிசியோதெரபி படிப்பில் சேர்ந்துவிட்டாள். முதல் நாள் எப்படி என்று கேட்டேன். "பெஞ்செல்லாம் குட்டையா இருக்குப்பா."

நவம்பர் 17
அவளுடைய பழைய அணி இறுதிப் போட்டிக்கு வந்திருக்கிறது. வர மாட்டேன் என்றவளைத் தோழிகள் இழுத்துப் போனார்கள். நானும் போனேன். முதல் முறையாக என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஆட்டம் சூடுபிடித்ததும், "பந்து வச்சிருக்கவ இப்ப இடது பக்கம் வெட்டித் திரும்புவா பாருங்க" என்றாள். திரும்பினாள். "இந்தப் பந்து வெளிய போகும்." போனது. களத்தில் நடப்பதெல்லாம் இவள் சொன்ன பிறகுதான் நடந்தது. நான் ஆட்டத்தை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கட்டத்தில், "அந்த இடத்துல நானா இருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"நிறுத்தாத. சொல்லு."

சொன்னாள். வீடு வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். இத்தனை வருடத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த ஆட்டம் அதுதான்.